மடியும் மனமும்

நாளைய வாணிபம் எப்படி இருக்கும் என்று நாடாள்வோர் கிளிச் சோதிடனைக் கேட்பதில்லை. அதற்கெனப் பொருளாதார வல்லுநர்கள் உண்டு. புள்ளி விவரங்கள் உண்டு. எனினும், அவர்களின் கணக்கும் பொய்த்ததுண்டு. ஏன் பொய்த்தது? அரசியல் பணியாற்றுவோர் அறிய வேண்டிய கதை அது.

1945. போர் ஓய்ந்தது. அமெரிக்கப் படையிலே ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர்! ஆயுத ஆலைகள் அடங்கும், வீரர்கள் வீடு திரும்புவர், வருவாய் வற்றும், வாணிபம் வாடும் என்று கணக்கிட்டனர். 1946 இளவேனிலுக்குள் 80 இலட்சம் பேர் வேலையற்றோராவர் என அரசாங்க வல்லுநர்களே எச்சரித்தனர். கூட்டலில் பிழையில்லை, கழித்தலில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கிலே மனிதன் இல்லை!

மனிதனைத் தேடிச் சென்றார் ஒருவர். ஜார்ஜ் கட்டோனா. 1901இல் புடாபெஸ்ட் நகரிலே பிறந்தவர், இட்லர் ஆட்சியேறிய 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சேர்ந்தவர், உளவியல் கற்றவர். இல்லந்தோறும் ஆளனுப்பி, "என்ன வாங்கப் போகிறீர்கள்? நாளையை எப்படிக் காண்கிறீர்கள்?" என்று கேட்கச் செய்தார். மக்கள் அஞ்சவில்லை! போர்க்காலத்தில் கிட்டாத வீடும் காரும் குளிர்பதனப் பெட்டியும் வாங்கத் துடித்தனர், சேமிப்பும் வைத்திருந்தனர். மந்தம் வரவில்லை. 1946இல் வேலையற்றோர் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை.

கட்டோனா கண்ட உண்மை எளியது. மடியிலே பணமிருந்தால் போதாது. மனத்திலே நம்பிக்கையும் வேண்டும். அரிசியை அன்றாடம் வாங்கியே தீர வேண்டும். காரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாம். ஒருவர் தள்ளினால் ஒன்றுமில்லை. கோடிப்பேர் தள்ளினால் ஆலை நிற்கும்!

அப்படியானால் மனக்கணக்கு பொய்க்காதா? பொய்க்கும், தோழர்களே! 2022 ஜூனில் விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 9.1 ஏறியபோது, மிச்சிகன் நம்பிக்கைக் குறியீடு அதுவரை காணாத அளவுக்கு, 50க்கு, வீழ்ந்தது. ஆனால் மக்கள் வாங்குவதை நிறுத்தினரா? இல்லை. நொந்தனர், நொந்துகொண்டே வாங்கினர். வேலை இருக்கிறது, ஊதியம் இருக்கிறது, இன்னும் என்ன குறை என்று ஆட்சியாளர் எண்ணினர். குறை விலையிலே இருந்தது. வீட்டிலே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்! 2024 நவம்பரில் ஆளுங்கட்சி தோற்றது. காரணம் இஃதொன்றே என்பேனா? மாட்டேன். காரணங்களில் இதுவும் ஒன்று என்பதை மறுப்பார் உண்டோ?

கடையிலே நடப்பதைக் கணக்கு சொல்லும். வாங்கியவர் வயிற்றெரிச்சலை வாய்தான் சொல்லும். நமது ரிசர்வ் வங்கியும் சென்னை உள்ளிட்ட நகரங்களில் இல்லந்தோறும் இவ்வாறே கேட்டு வருகிறது. வங்கி கேட்கும்போது, வாக்குக் கேட்போர் கேளாதிருக்கலாமா?

ஆகவே, வீதிக்குச் செல்லுங்கள். விலையை மட்டுமல்ல, அதைக் கொடுத்தவரின் வேதனையையும் கேளுங்கள். பேசுவதற்கு முன் கேளுங்கள். கேட்டதை ஏட்டிலே குறியுங்கள். கழித்து எழுதாதீர்கள், கூட்டியும் எழுதாதீர்கள்!