பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் தலையிடி



பாணில் பூஞ்சணம் பிடிப்பதை அறிவோம். அது மூளையைப் பிடிப்பது மிக அரிது. ஆனால் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

2005இல் கொழும்பில், முதுகில் விறைப்பூசி ஏற்றிச் சிசேரியன் செய்யப்பட்ட ஐந்து தாய்மாரின் மூளையைச் சூழ்ந்த சவ்வை அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் தாக்கியது. மூவர் இறந்தனர். சுனாமிக்குப் பின் மருத்துவப் பொருள்கள் வந்து குவிந்த காலம் அது. சரியான வசதியற்ற களஞ்சியத்தில் கிடந்த ஊசிக்குழல்கள்மீது சந்தேகம் விழுந்தது. 2007இல் நம் மருத்துவர்கள் இதை மருத்துவ உலகுக்கு எழுதி அறிவித்தார்கள்.

விறைப்பூசிக்குப் பயப்படவேண்டாம். அதன்பின் வரும் சாதாரண தலையிடி, படுத்தால் குறையும். பெரும்பாலும் சில நாளில் மாறும். மாறாமல் நீடித்தாலோ காய்ச்சலும் சேர்ந்தாலோ, “பிள்ளை பெற்ற உடம்பு, நித்திரை காணாது” என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். பக்டீரியாவுக்குக் கொடுக்கும் மருந்து பூஞ்சணத்துக்குக் கேட்காது. முதுகில் ஊசி போட்டதையும், எப்போது போட்டதென்பதையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பதை அவர் அதிலிருந்துதான் யோசிப்பார்.

உங்கள் மகள்மாருக்கும் மருமகள்மாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.