தராசு சொல்லாத தொப்பை

உடம்பு பருத்தவருக்கு இதயத்தில் கை வைத்தாலே ஆபத்து என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் உடம்பு இருந்தால்தான் ஆபரேஷனைத் தாங்கும் என்று தைரியம் சொல்கிறவர்களும் உண்டு. கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊராக இருந்தாலும் சென்னையாக இருந்தாலும் இந்த இரண்டு பேச்சும் எடையைத்தான் சுற்றி வருகின்றன. கவனிக்க வேண்டியது வயிற்றை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9, 28.2 சதவீதம்தான். ஆகவே இது யாரோ சிலருடைய கவலை அல்ல.

பயப்படுகிறவர்கள் பக்கம் உண்மை இல்லாமல் இல்லை. ஆஞ்சியோ செய்யும்போது பருத்த உடம்பை ஊடுருவிப் படம் தெளிவாக விழ, எக்ஸ்ரே கதிர் கூடுதலாகத் தேவைப்படும். தொடை வழியாகக் குழாய் செலுத்தினால், பிறகு ரத்தக்கசிவை அழுத்தி நிறுத்துவது சிரமம். மணிக்கட்டு வழியாகச் செய்வது இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்துவிட்டது. பைபாஸில் சிக்கல் வேறு மாதிரி. பிளந்த மாரெலும்பைக் கம்பியால் கட்டி மூடுவார்கள். பருத்த உடம்போடு சுகரும் சேர்ந்திருந்தால் அந்தப் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். இதயத் துடிப்பு தாறுமாறாவதும், மயக்கம் தெளிந்தபின் மூச்சு திணறுவதும் கூடுதலாக நேரலாம். இவை எல்லாம் மருத்துவர்கள் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆபத்துகள். பருமன் என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. வாஷிங்டனில் ஸ்டென்ட் போன்ற சிகிச்சை பெற்ற 9,633 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் இயல்பான எடை உள்ளவர்களில் 10.6 சதவீதம், பருமனானவர்களில் 4.9 சதவீதம். அப்படியானால் பருமன் காப்பாற்றுகிறதா? அவசரப்படக் கூடாது. பருமனானவர்கள் அங்கே வயதில் இளையவர்கள். சீக்கிரமே நோய் வந்து படுக்கைக்கு வந்தவர்கள். அது ஒரு லாபமா? ஒல்லியானவர்களில் சிலரை வேறு நோய் ஏற்கெனவே உருக்கியிருக்கவும் கூடும். அதோடு, தராசுக்கு முன்னால் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். விசைப்படகில் வலை இழுக்கிறவரும் கடையில் உட்கார்ந்தே இருப்பவரும் ஒரே எடை காட்டலாம். வலை இழுத்தவரே கடலை விட்டுக் கரையில் அமர்ந்தபின் தசை கரைந்து தொப்பை வளர்ந்தாலும் தராசு முள் அசையாமல் நிற்கலாம். 2011இல் ஏறத்தாழ 16,000 இதய நோயாளிகளின் வயிற்றுச் சுற்றளவைக் கணக்கில் கொண்ட ஆய்வு படத்தை மாற்றிவிட்டது. எடை சரியாக இருந்தும் தொப்பை உள்ளவர்களிடம்கூட மரணம் அதிகமாகவே இருந்தது. நம்மவர்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. பேன்ட் அளவை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிற பேன்ட் பொய் சொல்லும்.

அப்படியென்றால் முதலில் இளைத்துவிட்டுப் பிறகு சிகிச்சை என்று தள்ளிப்போடலாமா? மாரடைப்பு வந்தவருக்கு அந்தப் பேச்சே இல்லை. 2023 முதல் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே யாரும் எடை குறைத்து வா என்று சொல்வதில்லை. நாள் குறித்துச் செய்யும் பைபாஸ் என்றால், சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், புகையை விடுவதும், மூச்சுப் பயிற்சியும் அந்த இடைவெளியில் உதவும். பட்டினி கிடந்து அவசரமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும், புண் ஆறவும் நாளாகும். வயிற்றைக் குறைக்கும் வேலையை மருத்துவர் சொல்லும் வேகத்தில், சிகிச்சை முடிந்து நடக்கத் தொடங்கியபின் வைத்துக்கொள்ளலாம்.