மலடி என்றொரு பட்டம்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்யாணமாகி மூணு வருசத்துல வயித்துல ஒண்ணும் தங்கலைன்னா ஊரு பொண்ணுக்கு ஒரு பட்டம் கொடுக்குது: மலடி. ஆம்பளைக்குப் பட்டம் கிடையாது. இன்னொரு பொண்ணு பார்க்கக் கிளம்பிடுறாங்க. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் கோளாறு இருக்கிறது. பெண் பக்கம் இருப்பதும் பாவமோ சாபமோ அல்ல. சில நேரம் அது வெறும் கிருமி.

கரு வந்து ஒட்டுகிற இடம் கருப்பையின் உட்சுவர். அதில் கிருமி புகுந்து நாட்பட்ட அழற்சியாக நின்றுவிட்டால் கரு ஒட்டுவது தடைபடும், ஒட்டினாலும் கலைந்துபோகலாம். பிரசவத்திலோ கருக்கலைப்பிலோ மிச்சம் தங்கிப்போனாலும், பால்வினை நோயைக் கவனிக்காமல் விட்டாலும் இது வரும். அடிவயிற்றில் லேசான வலி, வெள்ளைப்படுதல், இடையில் கொஞ்சம் ரத்தம். பலருக்கு அதுவும் இருக்காது. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. உட்சுவரிலிருந்து துளி சதை எடுத்து, அதில் பிளாஸ்மா செல்கள் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் தேட வேண்டும். இருந்தால், பெரும்பாலோருக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரையில் அடங்கிவிடும்.

நம்ம நாட்டுல இன்னொரு கிருமியையும் பேசியாகணும்: காசநோய். 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்த அதே கிருமி. டிபின்னா நெஞ்சு, இருமல்னுதான் நினைக்கிறோம். நுரையீரலில் புகுந்த கிருமி ரத்தத்தோடு போய்க் கருக்குழாயில் தங்கும். அங்கிருந்து உட்சுவருக்கும் இறங்கும். இருமலே இல்லாமல் இது நடக்கும். குழாய் அடைபடும். உட்சுவர் தழும்பாகி ஒட்டிக்கொள்ளும். மாதப்போக்கு குறையும், நின்றும் போகும்.

காற்று வராத ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற இடத்தில், அரைவயிற்றுக் கஞ்சியில்தான் காசநோய் செழிக்கிறது. அந்தக் கஞ்சியையும் கடைசியில் குடிப்பவள் பெண். மாதப்போக்கைத் ‘தீட்டு’ என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டோம். தீட்டு என்ற சொல் என்ன செய்யும் என்று நமக்கா தெரியாது? போக்கு குறைஞ்சிருக்குன்னு அவ யார்கிட்ட போய்ச் சொல்லுவா?

சொல்லாமல் போகும் ஒவ்வொரு மாதமும் நட்டம். அரசு மருத்துவமனையில் காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பொதுவாக ஆறு மாத மருந்து. நடுவில் நிறுத்தக் கூடாது. சீக்கிரம் பார்த்தால் குழாயைக் காப்பாற்ற வழியுண்டு. காலம் கடந்தால் கிருமி சாகும், தழும்பு சாகாது. அதே நேரம், சோதிக்காமலே டிபி மருந்து எழுதித் தந்தால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள்.

மருந்து இருக்கிற நோய்க்குக் கடன் வாங்கிப் பரிகாரம் பண்ணாதீங்க. உங்க தெருவுல யாராவது ஒருத்தியை மலடின்னு சொன்னா, அந்த இடத்துலயே நின்னு கேளுங்க: “ரெண்டு பேருக்கும் பரிசோதனை பண்ணியாச்சா?”