கடையும் கடலும்

 

"கடையை விட்டுவிட்டு ரிசர்விஸ்ட் போகிறாயே தம்பி, நட்டமில்லையா?" என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். நட்டம்தான். ஆண்டுக்கு 40 நாள் வரை கூப்பிடலாம். ஈட்டுத்தொகை கிடைக்கும், வேறு கடைக்குப் போன வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

பாலிடெக்னிக் முடித்ததும் இரண்டாண்டு தேசிய சேவை. கடலோரக் காவல் படையில் போட்டார்கள். உங்களுக்கு அது மரீன் போலீஸ். 1993இல் பெயர் மாறியது.

ஜொகூர் நீரிணையில் இரவு ரோந்து. ரமலானில் பேரீச்சம்பழமும் தண்ணீருமாகப் படகிலேயே ஸஹர் செய்திருக்கிறேன். சீன நண்பர்தான் நேரம் பார்த்துச் சொல்வார். அப்படியோர் இரவில், கள்ளத்தனமாக நீந்தி வந்த ஒருவரைப் படகில் தூக்கிப்போட்டோம். என் வயதிருக்கும். நடுங்கினார். முறைப்படி கைவிலங்கு மாட்டினேன். பிறகு என் துண்டைப் போர்த்திவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் வாப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பாட்டனார் வந்த கதையைச் சொன்னார். "அவர் கையில் டிக்கெட் இருந்தது" என்றார்.

அடுத்த மாதம் மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது. கடைச் சாவி வாப்பாவிடம் இருக்கும்.