இறங்க மறுக்கும் எண்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில், ஏறக்குறைய நடுவழியில் அமைந்த ஊர் நாலந்தா. திராவிடக் கட்டட முறையைத் தழுவிக் கல்லால் எழுப்பப்பெற்ற கெடிகே என்னும் பழைய பௌத்த ஆலயம் அவ்வூருக்குப் புகழ் தருவது. மகாவலித் திட்டத்தின்கீழ் உருவான போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்கிவிடும் என்ற நிலை 1970களில் ஏற்பட்டபொழுது, அக்கட்டடம் கல் கல்லாகப் பெயர்க்கப்பெற்று, மேடான இடத்தில் மீண்டும் நிறுத்தப்பெற்றது. நீரோரமாக அதனை நோக்கிச் செல்லும் பாதை மாலை நடைக்கு மிகவும் ஏற்றது.

அப்பாதையில் நாள்தோறும் நடக்கும் ஒருவரை நேயர்கள் மனக்கண்ணிற் காண்பார்களாக. வயது ஐம்பத்து நான்கு. தெருவோரத்தில் சிறு கடை நடத்துபவர் எனக் கொள்க. நான்கு மாதங்களுக்கு முன்னர் வெறும் வயிற்றில் இரத்தம் சோதித்தபொழுது, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 148 மில்லிகிராம் சீனி இருக்கக் கண்டனர். இவ்வெண் 126ஐ எட்டினாலோ அதனைக் கடந்தாலோ, மறுமுறையும் சோதித்து நீரிழிவு என உறுதிசெய்வது வைத்திய வழக்கு. அன்றுதொட்டுத் தேநீரில் சீனியை விட்டார். இரவுச் சோற்றைப் பாதியாக்கினார். பாணைத் தள்ளிவிட்டுக் குரக்கன் பிட்டுக்கு மாறினார். மழை நாள் தவிர மற்றெல்லா நாட்களிலும் நடந்தார். நான்கு மாத முடிவில் வந்த சீட்டில் 139 என்று இருந்தது.

வீட்டில் அதனைக் காட்டியபொழுது மனைவி கேட்ட முதற்கேள்வி, “கடையில இருக்கும்போது வேற ஏதும் சாப்பிட்டீங்களா?” என்பது. அக்கேள்வியில் அன்பே இருந்தது. ஆயினும், களவு செய்யாதவன் களவனாகக் கருதப்பட்டாற் போன்ற வேதனை அவரைப் பிடித்தது. மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை. அடுத்த கிளினிக் திகதியையும் தவறவிடலாமா என்று எண்ணத் தொடங்கினார்.

இந்த மனிதர் கற்பனை. அவருடைய நிலை கற்பனையன்று. நீரிழிவில் மிகவும் அஞ்சத்தக்க கட்டங்களுள் ஒன்று இதுவே. முயற்சியே செய்யாதவனைக் காட்டிலும், முயன்று மனமுடைந்தவன் வைத்தியசாலைப் படியை மிதிக்க நாணுகிறான். அவன் ஒதுங்கியிருக்கும் ஆண்டுகளிலே கண்ணின் பின்திரையும் சிறுநீரகமும் பாதத்து நரம்பும் ஓசையின்றிப் பழுதுபடுகின்றன. ஆதலின், அந்த 139 என்ற எண் யாது கூறுகிறது, யாது கூறவில்லை என்பதை ஆராய்தல் தகும்.

விடை கெடிகேயின் அருகிலுள்ள நீரிலேயே கிடைக்கிறது. நாலந்தாவில் ஒரு துளி மழை பெய்யாத நாளிலும் போவத்தென்னவுக்கு நீர் வரக்கூடும். 1976இல் நிறைவெய்திய பொல்கொல்லை அணையில் மகாவலி நீர் மறிக்கப்பெற்று, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவலைக்கு வந்து, சுது கங்கையாகவும் அம்பன் கங்கையாகவும் ஓடி அங்குச் சேர்கிறது. உள்ளூர் மழையை மட்டும் அளந்துகொண்டிருப்பவனுக்கு நீர்மட்டம் ஏன் உயர்ந்தது என்பது விளங்காது. இரத்தத்துச் சீனியும் அத்தகையதே. வாய்வழிச் செல்வது ஒரு வரவு. ஈரல் தன் சேமிப்பிலிருந்து விடுவிக்கும் குளுக்கோசு மற்றொரு வரவு. விடியற்காலையில், உடலை எழுப்பும் ஓமோன்கள் ஈரலை ஏவிக் குளுக்கோசை வெளியிடச் செய்கின்றன. நோயற்றவரின் சதையி அந்நேரத்தில் சிறிது இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து கணக்கைச் சரிசெய்துவிடும். நீரிழிவு உள்ளவரிடத்தில் அது இயலாமையால், இரவு பட்டினி கிடந்தாலும் காலையில் எண் உயர்ந்து நிற்கும். கடைக்காரர் ஒளித்துத் தின்றதாக ஐயுறுவதற்கு இடமே இல்லை.

இனி, சோதனையின் இயல்பையும் நோக்க வேண்டும். வெறும் வயிற்று எண் அன்றைய விடியலை மட்டுமே காட்டுவது. முந்திய இரவு உறக்கம் கெட்டாலும், பல்லில் சீழ் வைத்திருந்தாலும், மூட்டுவலிக்கோ இழுப்புக்கோ ஸ்டீரோயிட் குளிசை உட்கொண்டிருந்தாலும் அது ஏறும். மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதாகக் கூறப்படும் எச்.பி.ஏ.1சி. சோதனை வேறு வகையானது. நீரிழிவாளரின் ஈமோகுளோபினில் ஏற்படும் இம்மாற்றத்தை 1968இல் தெஹ்ரானில் எடுத்துக்காட்டியவர் சாமுவேல் ராபார் என்னும் வைத்தியர். செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அவ்வாழ்நாளில் அதன்மேற் படிந்த சீனியையே இச்சோதனை அளக்கிறது. ஆகவே சென்ற மாதத்தில் தொடங்கிய நற்பழக்கத்தின் முழுப்பயனையும் இம்மாதச் சீட்டில் தேடுதல் முறையன்று. இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் இவ்வெண் உண்மையினும் உயர்ந்து காட்டக்கூடும். தலசீமியா போன்ற குருதிக் குறைபாடு உள்ளவரிடத்தில் இதனை நம்பவே இயலாமற் போவதும் உண்டு. 7.2க்கும் 7.3க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு வருந்துவது வீண். சோதனைக்கே அந்த அளவு தளர்ச்சி உண்டு.

உணவிலே பிழை இருக்க முடியாது என்பதன்று. குரக்கனும் மாச்சத்தே, சிவப்பரிசியும் மாச்சத்தே. அவற்றின் நார்ச்சத்து நன்மை தருவது உண்மையாயினும், நல்லது என்ற பெயரால் அளவு இருமடங்காகிவிட்டால் அந்நன்மை கரைந்துபோம். அவித்த பலாக்காய் சோற்றுக்குப் பதிலாக உண்ணத்தக்கது. சோற்றோடு சேர்த்துக் கறியாக உண்ணும்பொழுது சோற்றைக் குறைக்க வேண்டும். மாத்தளைப் பகுதியில் கித்துள் பாணி சீனியைப் போன்றதன்று என்று கருதுவோர் பலர். சுவை வேறு, மணம் வேறு; இரத்தத்திற் போய்ச் சேர்வது சீனியே.

இவையெல்லாம் திருத்தப்பட்ட பின்னரும் எண் இறங்காதிருக்கலாம். இதனைத் தெளிவாக உரைத்தல் வேண்டும். உரையாமையாற்றான் பலர் தம்மையே பழித்துக்கொள்கின்றனர். பிரித்தானியாவில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான பேராய்வில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டோர்க்கு முதல் மூன்று மாதங்கள் உணவு முறை மட்டுமே கற்பிக்கப்பெற்றது. அதனால் மட்டும் வெறும் வயிற்றுச் சீனியை ஏறத்தாழ இயல்பு நிலைக்குக் கொணர்ந்தவர் ஆறு பேரில் ஒருவரே. நோய் வெளிப்படும் நாளிலேயே சதையியின் இன்சுலின் சுரக்கும் ஆற்றல் பாதியளவு குன்றிவிட்டிருந்தது என்றும், ஆண்டு செல்லச் செல்ல அது மேலும் குன்றியது என்றும் அவ்வாய்வு காட்டிற்று. அந்த ஆறில் ஐவரும் சோம்பேறிகள் என்று எவர் கூறுவார்?

நம்மவர் உடலுக்கு இன்னும் நெருங்கிய சான்று சென்னையிலிருந்து வருகிறது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்குகொண்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவருள் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோய்வாய்ப்பட்டனர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவருள் அத்தொகை நூற்றுக்கு 39 அளவாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய உடல் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. தராசு அசையாதபோதும் உடலினுள் நன்மை நடந்திருக்கிறது. அவ்வாறே, நெறி தவறாது நடந்தும் நோயுற்ற 39 பேரும் அக்கணக்கிலேயே இருக்கின்றனர். அவர்களை மறைத்துவிட்டு, நடந்தால் நோய் தீரும் என்று மேடைதோறும் முழங்குவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

அவர்கள் நடந்தது வீணோ? சீனத்தின் தாச்சிங் நகரில் 1986இல் 577 பேருடன் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆறாண்டு காலம் உணவும் உடற்பயிற்சியும் கற்பிக்கப்பெற்றவருள்ளும், இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு 80 பேரை நீரிழிவு பற்றியே விட்டது. கற்பிக்கப்பெறாதவருள் அது 93. இவ்வளவில் நின்றிருந்தால் பெரிய வெற்றி என்று கூற முடியாது. ஆயின் முப்பது ஆண்டுக் கணக்கைப் பார்த்தபொழுது, பயின்றவர்க்கு நோய் ஏறக்குறைய நான்கு ஆண்டு பிந்தி வந்திருந்தது. மாரடைப்பு, பாரிசவாதம் முதலியன காற்பங்கு அளவு குறைந்திருந்தன. ஆயுளும் சராசரியாக ஓராண்டுக்கு மேல் நீண்டிருந்தது. நடந்த நடை எந்தச் சீட்டிலும் எழுதப்படாமல் இதயத்தில் வரவு வைக்கப்பட்டிருந்தது.

இத்தகையோர்க்குக் குளிசை பரிந்துரைக்கப்படும்பொழுது, அதனைத் தோல்வியின் முத்திரையாகக் கருதுதல் மற்றொரு மயக்கம். மெட்போமின் என்னும் மருந்தின் வழி ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் வழங்கிய கலீகா என்னும் செடியிலிருந்து தொடங்குகிறது. 1957இல் ஜான் ஸ்டேர்ன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதனை நீரிழிவுக்குப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டார். ஈரல் வேண்டாத நேரத்தில் குளுக்கோசைத் திறந்துவிடுவதை அது அடக்குகிறது. நாலந்தாக் கடைக்காரருக்கு விடியற்காலையில் நேர்வதும் அதுவே. சோற்றைக் குறைத்து அடைக்க முடியாத மதகை அக்குளிசை ஓரளவு அடைக்கிறது. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குகளில் அதற்குப் பணம் கேட்பதில்லை. இதற்கு மாறாக, மனமுடைந்த வேளையில் எவரோ கொடுக்கும் பெயரற்ற சூரணத்தை நாடி, வைத்தியர் தந்ததை நிறுத்துவோர் இருக்கின்றனர். அதன் விளைவைப் பின்னர் வைத்தியசாலைக் கட்டிலிற் காண நேரிடுகிறது.

எண் இறங்காத சீட்டோடு கிளினிக்குக்குச் செல்பவர் வெறுங்கையுடன் செல்லாதிருப்பது நன்று. இரு வாரக் குறிப்பு ஒன்று போதும். காலையில் உணவுக்கு முன்னும், உணவு கொள்ளத் தொடங்கி இரண்டு மணி நேரத்தின் பின்னும் வீட்டுக் கருவியிற் கண்ட எண்கள், அன்று உண்டது இன்னது, அதன் அளவு இவ்வளவு, உறங்கிய நேரம், உட்கொண்ட பிற மருந்துகள். கருவி இல்லாதவர் உணவையும் உறக்கத்தையுமாவது எழுதிக்கொள்ளலாம். காலை எண் மட்டும் உயர்ந்திருந்தால் வைத்தியர் ஈரலின் பக்கம் நோக்குவார். உணவின் பின் உயர்ந்தால் தட்டின் பக்கம் நோக்குவார். பின்னையதற்கு உணவுண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதே நல்ல உதவி புரியும். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அதே நாளில் சோதிக்கும்படி கேட்பதும் பொருத்தமானது. சீனி இறங்காதவரிடத்திலும் அவை இறங்கியிருப்பதைக் காணலாம்.

நாலந்தாவின் கடைக்காரர் மூன்றாம் நாள் மாலையில் மீண்டும் புறப்பட்டார் எனக் கொள்க. இம்முறை மனைவியும் கூட வந்தார். சீட்டு சட்டைப்பையில் இருந்தது. கிளினிக் திகதி வரும் செவ்வாய்க்கிழமை.