சக்கரத்தில் படியும் இரும்பு

மோட்டார் வண்டியைக் கழுவுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூரை, கண்ணாடி, கதவு என்று மேலிருந்து தொடங்குகிறவர்கள், கை ஓய்ந்து போன வேளையில் சக்கரங்களுக்கு வந்து சேருகிறார்கள். வண்டி முழுவதையும் துடைத்த அதே துணி. எல்லா அழுக்கையும் கண்ட அதே வாளித் தண்ணீர். நான்கு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்து விடுகிறார்கள். வண்டியிலேயே மிகக் கடினமான அழுக்கு எங்கே இருக்கிறதோ, அங்கே மிகக் குறைந்த கவனம் செல்கிறது. சக்கரத்தைத் துலக்குவது ஒரு பேச்சுக்கு உரிய பொருளா என்று மாணவ நண்பர்கள் புன்னகை செய்யக்கூடும். ஆனால், நீங்கள் வகுப்பறையில் கற்கும் இரசாயனம் அந்தச் சக்கரத்தின் மேல் அன்றாடம் நடந்துகொண்டே இருக்கிறது. அதை அறியாமல் கை வைப்பவர் சக்கரத்தையும் கெடுத்துக்கொள்ளலாம். தம் கையையும் கெடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த அழுக்கு யாது என்று பார்ப்போம். சேறும் புழுதியும் ஓரளவு உண்டு. ஆனால், ஆரங்களின் மீது கரிபோல் ஒட்டியிருக்கிறதே, அது சாலையிலிருந்து வந்ததன்று, வண்டிக்குள்ளேயே பிறந்தது. சக்கரத்தின் உட்புறத்தில் வார்ப்பிரும்பினாலான வட்டத்தட்டு ஒன்று சுழலுகிறது. பிரேக்கை அழுத்தும்போது இரு பக்கத்திலிருந்தும் கட்டைகள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. ஓட்டத்தின் வேகம் முழுவதும் உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. தட்டும் தேய்கிறது, கட்டையும் தேய்கிறது. அந்தத் தேய்மானத்தின் நுண்துகள்களே கரியாகப் படிகின்றன. அவற்றில் பெரும்பங்கு இரும்பு. தெருவில் நிற்கும் வண்டி ஒன்றை உற்றுப் பாருங்கள். பின் சக்கரங்களைவிட முன் சக்கரங்கள் கறுத்திருப்பதைக் காண்பீர்கள். வண்டி நிற்கும்போது அதன் பாரம் முன்புறம் சாய்கிறது. ஆகவே முன் பிரேக்குகளுக்கே வேலை மிகுதி. மின்சாரக் கார்களில் இந்தக் கரி குறைவு. அவற்றின் மோட்டாரே ஓட்டத்தை மின்சாரமாக மீட்டு வேகத்தைத் தணிப்பதால் பிரேக்குக் கட்டைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது.

இரும்புத் துகள் சூடாக வந்து ஒட்டுகிறது. பிறகு மழையும் பனியும் கடற்காற்றின் உப்பும் அதைத் தொடுகின்றன. இரும்பு சும்மா இருக்குமா? துருப்பிடிக்கிறது. துருவேறிய இரும்பு முன்னிலும் பருத்து, பூச்சினுள் பல் ஊன்றிக்கொள்கிறது. வாரம் ஒருமுறை கழுவுகிறவருக்குச் சோப்பு நீரே போதும் என்பதும், ஆறு மாதம் கழித்துக் கழுவுகிறவர் கடுமையான மருந்தைத் தேடி ஓடுவதும் இதனாலேதான்.

இனி அழுக்கின் அடியில் இருப்பது யாது? பல கார்களில் அது அலுமினியக் கலப்பு உலோகம். பந்தயக் கார்களில் இதைப் புகழ்பெறச் செய்தது பிரான்சு நாட்டின் புகாட்டி வண்டி. 1924ஆம் ஆண்டு லியோன் நகரப் பந்தயத்தில் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு அது களம் இறங்கியது. அலுமினியத்திற்கு ஒரு விந்தையான குணம் உண்டு. காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடுத் தோல் ஒன்றைத் தானே போர்த்துக்கொள்கிறது. அந்தத் தோல்தான் அதன் கவசம். ஆனால் அக்கவசத்தை அமிலமும் கரைக்கும், காரமும் கரைக்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கிப் பழகிய நம் வீடுகளில், புளிப்பு எதையும் பளபளப்பாக்கும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. பித்தளைக்கு அது சரி. அதே வீட்டில் அலுமினியப் பாத்திரத்தைச் சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்து, அது களை இழந்து மங்கிப் போனதைக் கண்டு விழித்தவர்களும் உண்டு.

சக்கரத்தில் அலுமினியம் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதில்லை. அதன்மேல் வண்ணமும், வண்ணத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத தெளிந்த மேற்பூச்சும் உண்டு. அந்த மேற்பூச்சின் கனம் தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு என்று சொன்னால், கம்பி நாரால் தேய்ப்பதன் கொடுமை விளங்கும். பூச்சில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் உப்பும் ஈரமும் அதன் அடியில் புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல வெண்மையான கோடுகளாகப் படரும். அந்த நிலைக்கு வந்த பிறகு கழுவிப் பயனில்லை. பூச்சை முழுவதும் அகற்றிப் புதிதாகப் பூச வேண்டும்.

சில சக்கரங்கள் மெருகேற்றிய வெற்று அலுமினியம். சில குரோமிய முலாம் பூசியவை. சில வண்ணம் பூசிய வெறும் எஃகு. மேற்பூச்சு உண்டா இல்லையா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. கண்ணில் படாத ஓர் உள்மூலையை முதலில் நன்றாகக் கழுவி, உலோக மெருகுப் பசையைத் துணியில் சிறிது தொட்டு அங்கே மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெற்று உலோகம். கறுக்காவிட்டால் பூச்சு இருக்கிறது. மருந்து வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது இதுவே.

மருந்துகளுக்கு வருவோம். ஒரு கரைசல் அமிலமா காரமா என்பதை எண்ணால் குறிக்கும் பி.எச். அளவை 1909இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் சோரன்சன் வகுத்தளித்தார். ஏழு என்பது நடுநிலை. சக்கரத்திற்கு ஏற்றது அந்த ஏழை ஒட்டி நிற்கும் மருந்துதான். இவ்வகையில் இரும்பை மட்டும் தேடிப் பிடிக்கும் மருந்து ஒன்று இப்போது கிடைக்கிறது. தயோகிளைக்கோலேட் என்னும் உப்பு அதில் சேர்ந்திருக்கிறது. தலைமயிரைச் சுருளச் செய்யும் மருந்திலும் இதன் இனமே உண்டு. அதே கந்தக நாற்றமும் உண்டு. தெளித்த சில நிமிடங்களில் கரி ஊதா நிறமாக மாறி வழிவதைக் காணலாம். அது இரும்பு கரைவதன் அடையாளம். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவர்க்கு அது நல்லதோர் இரசாயனப் பாடம்!

மற்றொரு வகையைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க என் மனம் இடந்தரவில்லை. தெளித்த மாத்திரத்தில் கரியை உருக்கிவிடும் சில மருந்துகளில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ, அம்மோனியம் பைபுளோரைடோ கலந்திருக்கும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரிக்கும் இயல்புடையது. கந்தக அமிலம் பட்டால் உடனே சுடும், கையை இழுத்துக்கொள்வோம். இதுவோ, நீர்த்த நிலையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. தோலைக் கடந்து உள்ளே சென்று, உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிணித்துக்கொள்ளும். பல மணி நேரம் சென்ற பிறகே தாங்கொணாத வலி எழும். மிகுதியாகப் பட்டால் இதயத்தையே தாக்கும். பட்ட இடத்தை உடனே நிறைந்த நீரால் கழுவி, மருந்தின் பெயரோடு மருத்துவரிடம் ஓடவேண்டும். கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பு இதற்கு உரிய மருந்து. வண்டி கழுவும் இடங்களில் உங்கள் வயதுப் பிள்ளைகள் பெயரொட்டாத புட்டியிலிருந்து ஏதோ ஒன்றை வெறுங்கையில் ஊற்றித் தேய்ப்பதை நான் கண்டிருக்கிறேன். புட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. கையுறை கொடுப்பது முதலாளியின் தயவன்று, கடமை.

செய்முறை எளிது. நிழலில் நிறுத்தி, சக்கரம் கைபொறுக்கும் அளவிற்கு ஆறும் வரை காத்திருங்கள். சூட்டில் தெளித்தால் நீர் ஆவியாகி, மருந்து மட்டும் செறிந்து கறையாக நின்றுவிடும். வண்டியின் உடலைக் கழுவுமுன் சக்கரங்களைக் கழுவிவிட வேண்டும். அவற்றிற்குத் தனி வாளி, தனித் துணி. சக்கரத்தில் பட்ட துணியில் இரும்புத் தூள் இருக்கும்; அதைக் கதவில் இழுத்தால் கோடு விழும். முதலில் வெறும் நீரைப் பீய்ச்சி மணலை ஓட்டுங்கள். மணல் இருக்கையில் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். பிறகு ஒரு சமயத்தில் ஒரு சக்கரம் மட்டும். மருந்தைத் தெளித்து, புட்டியில் குறித்த நேரத்திற்குமேல் விடாமல், உலரவும் விடாமல், மென்மையான தூரிகையால் ஆரங்களின் இடுக்கையும் திருகுகளின் குழியையும் துழாவி, நிறைந்த நீரால் அலம்பி, துணியால் ஒற்றி எடுங்கள்.

கழுவிய சிறிது நேரத்தில் பிரேக்குத் தட்டின்மேல் செம்மையாகத் துரு படரக் காண்பீர்கள். அஞ்ச வேண்டா, நனைந்த வார்ப்பிரும்பின் இயல்பு அது. ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தினால் ஈரமும் போகும், துருவும் போகும். டயரைக் கறுப்பாக்கும் எண்ணெய்ப் பூச்சு தடவுவதாயின் டயரின் பக்கவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரையைத் தொடும் பாகத்தில் பட்டால் சக்கரம் வழுக்கும். பிரேக்குத் தட்டில் பட்டால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.