பேச்சோடு பிறக்கும் கை
(கருத்தரங்கத் தலைமை உரை)



கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களின் நேரத்தைத் தலைமை உரை தின்றுவிடும் என்பது நம் கருத்தரங்குகளின் பழைய நோய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். பேசும்போது அசைகிற கையைப் பேச்சிலிருந்து பிரித்து ஆராயக் கூடாது. பேசுகிறவரை அவர் வாழும் இடத்திலிருந்தும் பிரிக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

மேடைக் கையைப் பற்றித் தமிழருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டுக்கென்று ஓர் இயலையே ஒதுக்கியது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் ஒற்றைக் கை 33, இரட்டைக் கை 15 என்று பெயர் சொல்லி விளக்கினார். ஆனால் அவை பயின்று பெற்ற கைகள். ஆசானிடம் கற்று அவைமுன் காட்டுபவை. காய்கறிக் கடையில் விலை பேசுகிறவரின் கைக்கு ஆசான் கிடையாது. நம் கருத்தரங்கு இந்த இரண்டாவது கையைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்ட கட்டுரைகள் சில சுருக்கத் தொகுப்பில் கண்ணில் பட்டன. கோபித்துக்கொள்ளாதீர்கள், விவாத நேரத்தில் பார்த்துக்கொள்வோம்.

தெருவில் அசையும் கையை மதித்துப் புத்தகம் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் நேப்பிள்ஸ் நகரத்துப் பாதிரியார் ஆந்திரேயா தே யோரியோ. 1832இல் வெளிவந்தது அவர் நூல். பழங்காலக் கலயங்களில் தீட்டப்பட்ட உருவங்கள் கையால் என்ன சொல்கின்றன என்று புரிந்துகொள்ள, தம் ஊர் மக்களின் கைகளைக் கவனித்தார். பழமையை அறிய நிகழ்காலத்தின் தெருவுக்குப் போன அந்தத் துணிச்சல் நம் தொல்லியல் நண்பர்களுக்கும் ஆகும்.

அடுத்து நான் சொல்லப்போகிறவரிடம் எனக்குத் தனிப் பற்று உண்டு. அர்ஜென்டினாவில் பிறந்த டேவிட் எஃப்ரான், நியூயார்க்கில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவர். கையசைக்கும் விதம் இரத்தத்தில் வருவது, ஓர் இனத்துக்குள் தலைமுறைதோறும் மாறாமல் தொடர்வது என்று ஜெர்மனியின் இனவாத அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்த 1930கள் அது. எஃப்ரான் வாதம் செய்யவில்லை, பார்க்கப் போனார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களையும் தென் இத்தாலியிலிருந்து குடியேறியவர்களையும் அவர்கள் புழங்கும் இடங்களிலேயே கவனித்தார். உடன் வந்த ஓவியர் ஸ்டைவெசன்ட் வான் வீன் பேசுகிறவர்களைக் கோட்டோவியமாக வரைந்தார், படச்சுருளும் எடுக்கப்பட்டது. மரபு மாறாத யூதரின் கை பெரும்பாலும் முழங்கைக்குக் கீழேயே உடலை ஒட்டி இயங்கியது. எண்ணம் போகிற தடத்தைக் காற்றில் வரைவது போல் வளைந்து நெளிந்து சென்றது. கேட்பவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் உண்டு. இத்தாலியரின் கையோ தோளிலிருந்தே வீசி எழுந்தது. பேச்சில்லாமலே பொருள் சொல்லும் சைகைகளும் அவர்களிடம் ஏராளம். இதுவரை இனவாதிகள் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அமெரிக்க வாழ்வில் கலந்துவிட்ட இரு தரப்பு வாரிசுகளையும் பார்த்தபோது அந்த வேறுபாடு மங்கிப்போயிருந்தது. அவர்களின் கைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. இந்த ஆய்வு 1941இல் நூலாக வந்தது. இத்துறையில் ஒரே ஒரு நூல் படிக்க நேரமிருக்கிறது என்கிற மாணவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன்.

ஆனால், கை முழுக்க முழுக்கப் பார்த்துப் பழகியதும் அல்ல. 1998இல் ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் பிறவியிலேயே பார்வையற்ற 12 பிள்ளைகளைப் பேசவைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் கையை அசைத்தார்கள். எதிரே இருப்பவருக்கும் பார்வையில்லை என்று தெரிந்தபோதும் அசைத்தவர்கள் உண்டு. தண்ணீர் ஊற்றியதைச் சொல்லும்போது கிண்ணம் பிடித்ததுபோல் கை வளைந்து சாய்ந்தது. அப்படியானால் கை கேட்பவருக்காக மட்டும் அசையவில்லை. பேசுகிறவரின் சிந்தனையிலும் அதற்குப் பங்குண்டு. பேச்சும் கையும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்று டேவிட் மெக்நீல் 1992இல் வாதிட்டதற்கு இது வலுச் சேர்க்கிறது. 2022இல் மறைந்த ஆடம் கெண்டனும் கையசைவைச் சொல்லின் அலங்காரமாகக் கொள்ளாமல், கண்ணுக்குத் தெரியும் கூற்றாகவே கருதினார்.

இனி இடத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குகு யிமிதிர் மொழி பேசுவோர் இடம், வலம் என்பதை விட்டுத் திசையாலேயே இடம் சுட்டி வந்தார்கள். படகு கவிழ்ந்த கதையை ஒருவர் 1980இல் ஆய்வாளர் ஜான் ஹாவிலண்டிடம் சொன்னார். 1982இல் மற்றோர் ஆய்வாளர் ஸ்டீஃபன் லெவின்சனிடம் அதே கதை. முதல் முறை மேற்கு நோக்கி அமர்ந்திருந்தார்; படகு கவிழ்ந்ததைக் காட்டிய கை அவரிடமிருந்து முன்னோக்கி உருண்டது. இரண்டாம் முறை வடக்கு நோக்கி அமர்ந்திருந்தார்; கை வலமிருந்து இடமாக உருண்டது. இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகவே கவிழ்ந்தது!

இதை ஏதோ தொலைதூர அதிசயம் என்று விட்டுவிடாதீர்கள். 1990களில் எரிக் பெடர்சன் தமிழ் பேசுவோரிடமே ஆய்ந்தார். சிறு பொருள் இருக்கும் இடத்தையும் கிராமத்தார் வடக்கு, தெற்கு என்று சொன்னார்கள். நகரத்தார் இடது, வலது என்றார்கள். “டம்ளரைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி வை” என்று சொல்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். அப்படிச் சொல்பவரின் கையும் திசை தப்பாமல் அசைகிறதா? அவர் பிள்ளைகள் சென்னைக்குக் குடிபெயர்ந்த பின் கை என்ன ஆகிறது? எஃப்ரானின் கேள்வி, ஹாவிலண்டின் கேள்வி இரண்டும் நம் வாய்க்காலங்கரையில் ஒன்று சேர்கின்றன.

கன்னத்தில் போட்டுக்கொள்வது, விரலை உரசிப் பணம் என்பது, மாட்டுத் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது என்று நம் சைகைகளுக்குப் பட்டியல் தயாரிப்பது சுலபம், ஆர்வமூட்டவும் செய்யும். அதோடு நின்றால் போதாது. மடை எப்படி உடைந்தது என்று ஒருவர் விளக்கும் ஐந்து நிமிடப் பேச்சை முழுசாகப் பதிவு செய்வது கடினம், பயனும் அதற்கே அதிகம்.

ஆகவே இளைய ஆய்வாளர்களிடம் சில வேண்டுகோள்கள். ஒலியைத் தனியாகப் பதிந்து அனுப்பாதீர்கள். காணொளி எடுங்கள், இரண்டு கையும் சட்டகத்துக்குள் இருக்கட்டும். பேசுகிறவர் எந்தத் திசை பார்த்து அமர்ந்திருந்தார் என்று குறித்துவையுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் படமெடுக்காதீர்கள். கையில் மைக்கைக் கொடுக்காதீர்கள், ஒரு கை போய்விடும். சட்டையில் குத்தும் மைக் போதும். சொல்லை எழுத்தாக்கும்போதே கை எந்தச் சொல்லில் எழுந்தது, எங்கே இறங்கியது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

முதல் அமர்வுக்கு நேரமாகிவிட்டது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.